ஒன்பது இருபத்தொன்றுக்குச் சொன்ன பெயர்

ஆல்டர் ஃபோர்க், மின்னசோட்டா
நவம்பர் 12

அன்புள்ள நாடீன்,

நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று முதலில் குறிப்பெடுத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தில் வருபவை:

1. அன்று சொன்ன செய்திகளில் எது சரி, எது தவறு.
2. அதை நான் எப்படிப் பிரித்தேன்.
3. டால்டனின் பெயர் எப்படி வெளியே வந்தது.
4. அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனவர் யார்.
5. மாலையில் அவனைப் பற்றிச் சொன்ன இன்னொரு கதை.

வரிசை பிசகினால் பொறுத்துக்கொள். முப்பத்தொரு வருடம் மாவட்டப் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியே காலம் போனவன் நான். சொந்தமாக எழுத உட்கார்ந்தால் அடித்து அடித்துத் திருத்துகிறேன். இது நான்காவது பிரதி.

முதலில் வீட்டுச் செய்தி. உன் வீட்டுக் குழாய்கள் உறையவில்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன். தபால்களை அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், எதையும் பிரிக்கவில்லை.

இனி முதல் விஷயம். பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த அன்று காலை தொலைக்காட்சி இறந்தவர்கள் ஒன்பது என்றது. பத்தரைக்குப் பன்னிரண்டு என்றது. உண்மை நான்கு. துப்பாக்கியோடு இரண்டாவது ஆள், கறுப்புச் சட்டை போட்டவன், பின்வாசல் வழியாக ஓடினான் என்றார்கள். அப்படி ஒருவன் இல்லவே இல்லை. விடுமுறையில் இருந்த ஒரு காவலர் சத்தம் கேட்டு வீட்டுச் சட்டையோடு ஓடி வந்தார், அவரைத்தான் பார்த்திருக்கிறார்கள். சுட்டவன் பெயர் பிற்பகல்தான் சரியாக வந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

எப்படிப் பிரித்தேன் என்றால், ஒவ்வொரு செய்திக்கும் எதிரே மூன்று கேள்வி எழுதினேன். சொன்னவர் கண்ணால் பார்த்தாரா? பார்க்கவில்லை என்றால் யாரிடம் கேட்டார்? இன்னொருவரும் அதையே சொன்னால், அவர் முதல்வரிடம் கேட்டுத்தான் சொன்னாரா? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலானவை விழுந்தன. நான்கு சேனல்கள் ஒரே தவறைச் சொன்னால் நான்கு சாட்சிகள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். சாட்சி ஒருவர்தான். மற்ற மூவரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

மூன்றாவது விஷயம். என் சமையலறை ஸ்கேனர் பெட்டி உனக்குத் தெரியும். போலீஸ்காரர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டுக்கொண்டேதான் நான் காலைச் சாப்பாடு சாப்பிடுவேன். கேட்பதை மணி போட்டு நோட்டில் எழுதுவேன். அன்று எட்டு நாற்பத்தேழுக்கு முதல் அழைப்பு. எட்டு ஐம்பத்தெட்டுக்கு ஒரு காவலர் பள்ளி வாசலில் கதவு திறந்தபடி, எஞ்சின் ஓடியபடி ஒரு கார் நிற்கிறது என்று சொல்லி அதன் நம்பரைப் படித்தார். கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெண் நம்பரைத் தேடி, யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அந்தப் பெயரைச் சொன்னாள். டீக், டால்டன். வழக்கமான வேலை அது. அவன்தான் சுட்டான் என்று அவள் சொல்லவில்லை. அது காரின் சொந்தக்காரர் பெயர், அவ்வளவே.

அந்தக் கார் என் பழைய ப்யூக் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச்சில் அவனுக்குப் பதினெட்டு முடிந்த வாரம் கொடுத்தேன். பழைய நம்பரே இருக்கட்டும், பெயரை மட்டும் மாற்றிவிடலாம் என்று நான்தான் அவனைப் பதிவு அலுவலகத்துக்கு இழுத்துப் போனேன். "மிஸ்டர் எல், அடுத்த வாரம் மாத்திக்கிட்டா என்ன குடியா முழுகிடும்?" என்றான். "எல்லாம் தாள்ல சரியா இருக்கணும்டா" என்றேன். "உங்க கல்லறைக்கல்லுல இத எழுதிடுறேன்" என்றான்.

நான்காவது விஷயம். அந்தப் பெயர் ஒன்பது இருபத்தொன்றுக்குத் தொலைக்காட்சியில் வந்தது. அதை அங்கே கொண்டுபோனவர் யார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஊரில் பத்துப் பதினைந்து பேர் வீட்டிலாவது இந்தப் பெட்டி இருக்கும். செய்தி அறைகளில் ஒரு விதி உண்டு: ஒருவர் சொன்னால் போதாது, ஒருவரை ஒருவர் அறியாத இருவர் சொல்ல வேண்டும். அந்த விதியை அவர்கள் பின்பற்றியிருந்தால், பெட்டியில் கேட்டதை அரைகுறையாகப் புரிந்துகொண்ட தெரியாத இருவர் அவர்களை அழைத்திருக்க வேண்டும். இதற்கு மேல் தேடுவதில் பயனில்லை என்று நினைக்கிறேன்.

ஐந்தாவதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கை வலிக்கிறது.

உன் அக்கா பெவ்வுக்கு என் விசாரிப்பு. டுலூத்தில் ஏரிக்காற்று கடுமையாக இருக்கும், கழுத்தை மூடிக்கொள்.

என்றும் அன்புடன்,
ஆர்வில் லிண்ட்குவிஸ்ட்


டுலூத்
நவம்பர் 20

அன்புள்ள ஆர்வில்,

உங்கள் கடிதத்தை பெவ் படித்துவிட்டு, "இது லெட்டரா, கோர்ட்டு பத்திரமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு. அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஐந்தாவதை நீங்கள் எழுத வேண்டாம், நான் எழுதுகிறேன். மாலை ஆறு மணிச் செய்தியில் என் பையனை வீரன் ஆக்கினார்கள். ஐந்து பிள்ளைகளுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றானாம். "என்னைத் தாண்டிப் போ" என்று சொன்னானாம். யார் கேட்டது? உங்கள் மூன்று கேள்விகளையும் போட்டுப் பாருங்கள், ஒன்றிலும் தேறாது. வாசலில் விழுந்த அந்தப் பெண், காலில் குண்டு பட்டவள், மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "அவன் கார நிறுத்திட்டு ஓடி வந்தான், ஆன்ட்டி. என் பைய புடிச்சு உள்ள இழுத்தான். 'எவ்ளோ புக்கு வச்சிருக்க, கல்லு மாதிரி கனக்குது'ன்னான்." அவ்வளவுதான். அதுதான் டால்டன். அன்று அவன் தாமதமானதே முட்டை பொரித்துத் தின்றுவிட்டுத்தான் போவேன் என்று நின்றதால். சட்டி இன்னும் கழுவாமல் இருக்கிறது. நீங்கள் குழாய் பார்க்கப் போகும்போது அதைத் தொடாதீர்கள்.

காலையில் கொலைகாரன், மாலையில் வீரன். இரண்டுமே அவனைத் தெரியாதவர்கள் எழுதியது.

இப்போது நான் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

பெற்றோர்களை லூதரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் உட்கார வைத்தார்கள். எனக்கு இடது பக்கம் மார்லிஸ், வலது பக்கம் வங்கியில் வேலை செய்கிற அந்தத் தம்பதி. ஒன்பதரை இருக்கும், எல்லோரும் போனைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். மார்லிஸ் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போனாள். பத்து நிமிடத்தில் என் வரிசை காலி. பின்னால் இருந்து கேட்டது.

"அவ பையன்தானாம்."

"மெதுவா. கேட்டுடும்."

"கேக்கட்டுமே. அவ இங்க எதுக்கு ஒக்காந்திருக்கா?"

அப்போது என்ன வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை, ஆர்வில். உயிரோடு இருக்க வேண்டும் என்றால் அவன் சுட்டவன். சுட்டவன் இல்லை என்றால் ஏன் இன்னும் என்னிடம் வரவில்லை? காப்பிக் கெண்டி இருந்த மேசைக்கு எழுந்து போனேன். அந்தப் பத்தடி தூரத்தில் என்ன நினைத்தேன் என்று உங்களுக்குக்கூட எழுத மாட்டேன்.

திரும்பி வந்தபோது என் வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு. ஊரே எழுந்து போன இடத்தில் நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். ஒன்று பத்துக்கு ஷெரீஃப் கீழே இறங்கி வந்து என்னை மட்டும் தனியாக அழைக்கும் வரை உட்கார்ந்திருந்தீர்கள். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்; வேறு யாரையும் கேட்க எனக்கு மனசில்லை.

சுட்டவன் வேறு என்று தெரிந்த மறுநாள் என் வாசலில், துக்க வீட்டுக்கென்று ஊரார் சமைத்து வைத்துவிட்டுப் போன நாற்பது கேசரோல் தட்டு. ஒவ்வொன்றின் அடியிலும் டேப்பில் பெயர், கழுவித் திருப்பித் தர வேண்டுமே. எல்லாப் பெயரும் எனக்குத் தெரிந்த பெயர்தான். ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். இவளா? இவரா? யார் முதலில் சொன்னது?

டிவிக்காரர்களை நான் மன்னிக்க முடியும். அவர்களுக்கு அவனைத் தெரியாது. ஆனால் இந்த ஊரில் யாரோ, அவனைத் தெரிந்த யாரோ, அந்தப் பெயரைக் கேட்டு நம்பி, எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். "தெரியாத இருவர்" என்று நீங்கள் எழுதியது எனக்குப் போதவில்லை. அது யார் என்று தெரியும் வரை நான் ஆல்டர் ஃபோர்க்குக்கு வர முடியாது. கடையில் ரொட்டி வாங்கும்போதுகூட எதிரே நிற்கிற முகத்தைப் பார்த்து இதே கேள்வி கேட்பேன். அங்கே என் வீடு இருக்கிறது. என் ராய்ஸும் அவன் மகனும் அங்கே கல்லறையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள். நான் வர வேண்டும்.

உங்கள் பத்திரிகையின் அச்சு எந்திரத்துப் பக்கம் எல்லோரும் சொல்வதாக ராய்ஸ் அடிக்கடி சொல்வான், "ஆர்வில் ஒருத்தர் சொன்னா ரெண்டு பேர் சொன்ன மாதிரி" என்று. நீங்கள் தேடினால் கிடைக்கும்.

உங்கள்,
நாடீன்


ஆல்டர் ஃபோர்க்
டிசம்பர் 1

அன்புள்ள நாடீன்,

உன் கடிதம் கிடைத்தது. சட்டியைத் தொடவில்லை.

இங்கே முக்கால் அடி பனி. உன் வாசலை இரண்டு முறை பெருக்கினேன். தட்டுகளை நானே கழுவிப் பெயர் பார்த்து வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நீ கேட்கவில்லை என்றாலும். மார்லிஸ் கதவைத் திறந்து, "நாடீன் எதாவது சொன்னாளா என்னப் பத்தி?" என்று அழுதாள். நான் இல்லை என்றேன். அது பொய் என்று இப்போது உனக்குச் சொல்கிறேன்.

நீ கேட்டது பற்றி யோசிக்கிறேன். இவ்வளவு வாரம் கழித்து யாருடைய நினைவையும் நம்ப முடியாது, என்னுடையதையும். எதையும் அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது என்பது என் பழக்கம். கொஞ்சம் அவகாசம் கொடு.

மருந்துகளை நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
ஆர்வில்


டுலூத்
டிசம்பர் 9

அன்புள்ள ஆர்வில்,

உங்கள் கடிதம் ஒரு பக்கம்தான் இருந்தது. உங்களை எனக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும். பிறந்தநாள் வாழ்த்துகூட நீங்கள் ஒன்றரைப் பக்கத்துக்குக் குறைத்து எழுதியதில்லை.

தெரிந்துவிட்டது, இல்லையா? யார் என்று தெரிந்து, எனக்கு வலிக்கும் என்று மறைக்கிறீர்கள். மார்லிஸா? இருந்தால் இருக்கட்டும். எனக்கு வலிக்காத இடம் இனி ஒன்றும் பாக்கியில்லை.

கிறிஸ்துமஸுக்கு பெவ் என்னை அங்கே கூட்டி வருவதாகச் சொல்கிறாள். உங்கள் மேசையில் சாப்பிடலாம் என்று நினைத்தேன். டால்டன் இல்லாத மேசையில் எனக்கு உட்காரத் துணிவு வருகிற வீடு உங்களுடையது ஒன்றுதான். ஆனால் அதற்கு முன்னால் பெயரைச் சொல்லுங்கள். ஒரு பெயர், ஆர்வில். பட்டியல் வேண்டாம்.

நாடீன்


ஆல்டர் ஃபோர்க்
டிசம்பர் 16

அன்புள்ள நாடீன்,

இந்தக் கடிதத்துக்குப் பிரதி எடுக்கவில்லை. எழுதியதை அப்படியே அனுப்புகிறேன். இன்னொரு முறை எழுதினால் மெருகேற்றிவிடுவேன்.

என் நோட்டில் அக்டோபர் ஏழாம் தேதிப் பக்கத்தில் எட்டு ஐம்பத்தெட்டு இருக்கிறது. அடுத்த வரி ஒன்பது இருபத்தொன்று. நடுவில் இருபத்துமூன்று நிமிடம் ஒன்றும் எழுதவில்லை. இந்த நோட்டில் அப்படி ஒரு இடைவெளி வேறு எந்த நாளிலும் கிடையாது. அதை நான் பார்த்தும் உனக்குச் சொல்லவில்லை. அதில் இருந்தது இது.

காவலர் நம்பரைப் படித்தபோதே, பெயர் வருவதற்கு முன்பே, அது என் கார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு வருடம் நான் ஓட்டிய நம்பர். பெயரை மாற்றாமல் விட்டிருந்தால் கட்டுப்பாட்டு அறைப் பெண் என் பெயரைத்தான் சொல்லியிருப்பாள். பிறகு அவன் பெயரைச் சொன்னாள். ஒன்பது நான்குக்குத் தொலைபேசி அடித்தது. கிரெட்சன். நம் பத்திரிகையில் என் மேசைக்கு எதிர் மேசையில் இருந்தவள், இப்போது மாவட்டத் தொலைக்காட்சியில் செய்திப் பிரிவைப் பார்க்கிறவள்.

"ஆர்வில், பொட்டி ஓடுதா? என்ன கேக்குது?"

"டால்டன்."

"யாரு?"

"டால்டன் டீக். ஐயோ, ராய்ஸ் பையன். அவன் கார்."

"அவனா?"

இதற்கு நான் "தெரியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். "அது காரின் சொந்தக்காரர் பெயர்" என்று சொல்லியிருக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் மற்றவர்கள் எழுதியதில் நான் சேர்த்த வார்த்தைகள் அவை. அன்று நான் சொன்னது "கடவுளே" என்பது மட்டும். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அவள் தவறாக எடுத்துக்கொண்டாள் என்று உனக்கு எழுதலாம் என்று பல நாள் நினைத்தேன். அது சரியில்லை. நான் ஆமாம் என்ற பொருளில்தான் சொன்னேன்.

நான் நம்பினேன், நாடீன். உன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பிட்டவன், அவனுக்குப் பல் விழுந்ததையெல்லாம் பார்த்தவன், ஒரு காரின் நம்பரைக் கேட்டதும் நம்பிவிட்டேன். போன கோடையில் ஒருநாள் அவன் கோபமாக என் கதவைச் சாத்திவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது, அதையும் சேர்த்துக்கொண்டேன். ஒன்பது பதினைந்துக்கு ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். முந்தின நாள், ஞாயிறு, அவன் இலை கூட்டி மூட்டை கட்டி வரிசையாக வைத்திருந்தான். கடைசி மூட்டையில் காகிதம் குத்தி வைத்திருந்தான், "மீதி நாளைக்கு, முதுகு போச்சு, உங்களுக்கு வயசானது எனக்கு ஒட்டிக்கிச்சு" என்று. நோட்டில் எழுதியதைப் படித்து அறிந்ததல்ல; அந்த மூட்டைகளைப் பார்த்ததும் இவன் இல்லை என்று தெரிந்தது. கிரெட்சனைத் திரும்ப அழைத்தேன். லைன் கிடைக்கவில்லை. இன்னொரு முறை அழைத்தேன், கிடைக்கவில்லை. மூன்றாவது முறை அழைக்கவில்லை. ஒருவேளை நான் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள், அழைத்து அதைப் பெரிதாக்குவானேன் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆறு நிமிடம். பிறகு பெயர் வந்தது.

சர்ச்சுக்கு நான் வந்தது அதனால்தான். உன்னை விட்டு எல்லோரும் எழுந்து போனார்கள் என்று மேலே வாசலில் கேள்விப்பட்டேன். துணையாக இருக்க வந்தேன் என்று நீ நினைத்தாய். உன்னிடம் சொல்ல வந்தேன். மூன்று மணி நேரம் சொல்ல முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் கிரெட்சனைப் பார்க்கப் போனேன். விதிப்படி இரண்டு பேர் சொல்ல வேண்டுமே, இன்னொருவர் யார் என்று கேட்டேன். கேட்கும்போது உள்ளுக்குள் இன்னொருவர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"இன்னொருத்தரா? நீங்க சொன்னீங்கல்ல, ஆர்வில். வேற யார போய் கேட்கணும்? 'ஆர்வில் சொன்னார்'னேன். யாரும் மறுபேச்சு பேசல."

அவ்வளவுதான் அந்த விதி. அவர்கள் என்னை இருவராக எண்ணிவிட்டார்கள்.

மார்லிஸ் இல்லை. வங்கித் தம்பதி இல்லை. நாற்பது தட்டில் ஒருவரும் இல்லை. அவர்கள் எழுந்து போனது தப்பு, ஆனால் அது எனக்குப் பிறகு. நீ வரலாம். ரொட்டிக் கடையில் யார் முகத்தையும் பார்த்து யோசிக்க வேண்டாம். என் முகத்தைப் பார்க்க வேண்டியிராதபடி நடந்துகொள்கிறேன். உன் வீட்டுச் சாவியை பாதிரியாரிடம் கொடுத்துவிட்டேன். குழாய்களை இனி அவர் பார்ப்பார். கிறிஸ்துமஸ் சாப்பாடு பற்றி நீ எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

பத்திரிகையில் திருத்தம் போடும்போது, தவறு எங்கே வந்ததோ அதைச் சொல்லி, சரியானதை மட்டும் எழுதி நிறுத்திவிடுவோம். காரணம் சொல்ல மாட்டோம். மேலே இவ்வளவு சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. திருத்தம் இதுதான்:

நவம்பர் 12 தேதியிட்ட என் கடிதத்தில் நான்காவது விஷயம் தவறு. அதில் "தெரியாத இருவர்" என்று வருவதை "ஆர்வில் லிண்ட்குவிஸ்ட், அவனைத் தெரிந்தவர், ஒருவர்" என்று திருத்திப் படிக்கவும்.